திருவல்லிக்கேணி பரோட்டா கடை, சனிக்கிழமை ராத்திரி, சால்னாவோட ஒரு முழு இன்னிங்ஸ்

பரோட்டா கடைக்கு ரிவ்யூ எழுதணும்னு தான் உக்காந்தேன், ஆனா பாதிக்கு மேல கிரிக்கெட் தான் வரும், ஏன்னா இந்தக் கடையோட விசேஷமே அது தான். திருவல்லிக்கேணி ஸ்டேஷன்ல இறங்கி சந்துக்குள்ள நடந்தா அஞ்சு நிமிஷம், சேப்பாக்கத்துல மேட்ச் நடந்தா ஃப்ளட்லைட் வெளிச்சம் பக்கத்து மொட்டை மாடிகள்ல விழுற தூரம். பேர் போட வேண்டாம் தம்பின்னு ஓனர் அண்ணன் கேட்டுக்கிட்டார், இருக்கிறதே ஏழு டேபிள், இதுக்கு மேல கூட்டம் வந்தா ரெகுலரா வர்ற மேன்ஷன் பசங்களுக்கு இடம் இருக்காதுன்னு அவருக்குக் கவலை. அதனால பேர் இல்ல. சனிக்கிழமை ராத்திரி அந்தப் பக்கம் போய் "மேட்ச் போடுற பரோட்டா கடை எங்க"ன்னு கேட்டா யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க.

விஷயம் என்னன்னா, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்பது மணிக்கு அண்ணன் டிவில பழைய டி20 மேட்ச் ஒண்ணு போடுவார், இந்தியா பேட்டிங் பண்ண இன்னிங்ஸ் மட்டும், ஆனா முழுசா. பத்து நிமிஷ ஹைலைட்ஸ் கிடையாது. முதல் பால்ல இருந்து கடைசி பால் வரைக்கும், டாட் பால், வைடு, ஃபீல்டிங் மாத்துறது, பேட்ஸ்மேன் கிளவுஸ் மாத்துறது எல்லாம். இதுக்குன்னே சந்தா கட்டி வெச்சிருக்கார். முழுசா கிடைக்காத மேட்ச்சை போடவே மாட்டார். எல்லாரும் போன்லயே யுவராஜ் சிங்கோட ஆறு சிக்ஸரையும் பார்த்துட்டோமே, இங்க வந்து என்னத்த புதுசா பார்க்கப்போறோம்னு நினைச்சு தான் நானும் முதல் தடவை போனேன், இப்ப நாலு மாசமா ஒரு சனிக்கிழமை கூட விட்டதில்ல, வேளச்சேரியில இருந்து ரயில் புடிச்சு வர்றேன்.

முதல்ல சாப்பாட்டைச் சொல்லிடுறேன். அண்ணனுக்கு விருதுநகர் பக்கம், அதனால இங்க எண்ணெய் பரோட்டா தான் ராஜா. சின்ன வட்டமா, எண்ணெயில பொரிஞ்சு வெளிய மொறுமொறுன்னு, உள்ள லேயர் லேயரா பிரியும். இலையில வெச்சு கையால நொறுக்கி அது மேல சால்னாவை ஊத்தி ஒரு நிமிஷம் விடணும், உடனே சாப்பிட்டா சால்னா இறங்காது, ரொம்ப விட்டா நொசநொசன்னு ஆயிடும். சால்னா தண்ணியா தான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும், சோம்பு வாசனை தூக்கலா, காரம் தொண்டையில நிக்காம இறங்கிடும். கலக்கி ரொம்ப நல்லா இருக்கு, நடுவுல பதமா கொழகொழன்னு எடுக்குறார் மாஸ்டர், ஒரு தடவை கூட வெந்துபோய் வந்ததில்ல. சாதா பரோட்டா சுமார் தான், அதுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். சிக்கன் சுக்கா எட்டரைக்கெல்லாம் தீந்துடும்.

சரி, சுவத்துக்கு வருவோம். கல்லாவுக்குப் பின்னாடி ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கார், இந்தியாவோட டி20 இன்டர்நேஷனல்ல பெஸ்ட் இன்னிங்ஸ்னு அவரே ஸ்கெட்ச் பேனால எழுதினது, அடிச்சு அடிச்சு எழுதினதுல பாதி பேப்பர் நீலமா ஆயிடுச்சு. வர்றவங்க யார் வேணா ஒரு இன்னிங்ஸ் சொல்லலாம், ஆனா அதை எல்லாரும் முழுசா பார்த்த அப்புறம் தான் லிஸ்ட்ல ஏறும். இந்த ஒரு ரூல் தான் இந்தக் கடையை வேற மாதிரி ஆக்குது.

நான் போன முதல் சனிக்கிழமை யுவராஜ். 2007 செப்டம்பர் 19, டர்பன், டி20 உலகக் கோப்பை, இங்கிலாந்து மேட்ச். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ஒரு ஓவர் தான், ஸ்டூவர்ட் பிராட், ஆறு பால், ஆறு சிக்ஸ். ஆனா முழுசா உக்காந்து பார்த்தா அந்த ஓவர் வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்கு மேல சேவாக்கும் கம்பீரும் தான் ஆடுறாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து 136 ரன் பார்ட்னர்ஷிப், சேவாக் 68, கம்பீர் 58. இதை யாரு ஞாபகம் வெச்சிருக்கா? யுவராஜ் உள்ள வரும்போது மூணு ஓவர் சொச்சம் தான் மிச்சம். 18-வது ஓவர் முடிஞ்சு ஃபிளின்டாஃப் ஏதோ சொல்ல, இவர் பேட்டைத் தூக்கிக்கிட்டு அவரை நோக்கி நடக்குறாரு பாருங்க, அந்த இடத்துல அண்ணன் சவுண்டைக் கூட்டிட்டார். அப்புறம் 21 வயசுப் பையன் பிராட் பந்தை வாங்குறான். நாலாவது பால் ஃபுல் டாஸ், பாயிண்ட் மேல பறந்துச்சு. அதுக்கு மேல பிராட் முகத்தை ரீப்ளேல காட்டுறாங்க, சின்ன வயசுல பார்த்தப்ப சிரிச்சேன், இப்ப பார்க்கும்போது பாவமா இருந்துச்சு, ஏன்னா கேப்டன், சீனியர்னு எல்லாரும் பக்கத்துல வந்து பேசுறாங்க, ஒருத்தராலயும் ஒண்ணும் பண்ண முடியல. 12 பால்ல ஃபிஃப்டி, மொத்தம் 16 பால்ல 58. இந்தியா 218, இங்கிலாந்து 200 வரைக்கும் வந்துட்டாங்க, ஜெயிச்சது வெறும் 18 ரன்ல. அந்த ஆறு சிக்ஸ்ல மூணு இல்லாம இருந்திருந்தா மேட்ச் எந்தப் பக்கம் போயிருக்கும்னு அன்னைக்குத் தான் முதல் தடவை யோசிச்சேன்.

ஆனா சார்ட்ல யுவராஜோட அந்த இன்னிங்ஸ் மூணாவது இடம் தான். அதுக்கு மேல அவரே மூணு நாள் கழிச்சு ஆஸ்திரேலியாவை அடிச்ச 70, வெறும் 30 பால்ல, செமிஃபைனல்ல. அண்ணன் சொல்ற காரணம், இங்கிலாந்து மேட்ச்ல மேடை போட்டுக் குடுத்தாங்க, ஆஸ்திரேலியா மேட்ச்ல இவரே மேடையும் போட்டு ஆட்டமும் ஆடினார். பிரெட் லீயை ஒரு சிக்ஸ் அடிச்சாரு, 119 மீட்டர்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு, கடையே அமைதியா ஆயிடுச்சு. எனக்கும் அண்ணன் சொன்னது தான் சரின்னு படுது.

எனக்கு மறக்கவே முடியாதது தினேஷ் கார்த்திக் இன்னிங்ஸ் போட்ட ராத்திரி. 2018 மார்ச் 18, கொழும்பு பிரேமதாசா ஸ்டேடியம், நிதாஹஸ் டிராஃபி ஃபைனல், பங்களாதேஷ் 166. அன்னைக்கு கடையில நிக்கக் கூட இடமில்ல, வெளிய பைக் மேல உக்காந்து பார்த்தாங்க. நம்ம ஊர் பசங்க அந்த மேட்ச்ல இருக்காங்க, அதுல ஒருத்தர் ஹீரோ, இன்னொருத்தரை அந்த வருஷம் பூரா திட்டித் தீர்த்தாங்க. 18-வது ஓவர், முஸ்தஃபிசுர். விஜய் ஷங்கர் நாலு பால் தொடர்ந்து மிஸ் பண்றாரு. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு காலேஜ் தம்பி வாயில வந்ததெல்லாம் சொன்னான். அண்ணன் கல்லாவுல இருந்து எழுந்து வந்து ரிமோட்டை எடுத்து பின்னாடி ஓட்டி அந்த நாலு பாலையும் திரும்பப் போட்டார். "தம்பி பந்தைப் பாரு, ஆளைப் பார்க்காத"ன்னார். பார்த்தோம். கை வேகமா சுத்துது, பந்து மெதுவா வருது, பிட்ச்சுல விழுந்து நின்னு வெளிய போகுது. கட்டர். பெரிய பெரிய ஆளுங்களே அவர்கிட்ட அப்படி ஏமாந்திருக்காங்க, இவருக்கோ இன்டர்நேஷனல்ல அப்ப தான் ஆரம்பம். அந்தத் தம்பி அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. இதெல்லாம் ஹைலைட்ஸ்ல எங்கங்க வரும், வெறும் "டாட், டாட், டாட், டாட்"னு ஸ்கோர்கார்டுல தான் இருக்கும்.

அதே ஓவர் கடைசி பால்ல மனிஷ் பாண்டே அவுட். 12 பால்ல 34 வேணும். ஏழாவது ஆளா கார்த்திக் நடந்து வர்றாரு. இன்னொரு விஷயம் அண்ணன் சொல்லித் தான் எனக்குத் தெரிஞ்சுது, 2006 டிசம்பர்ல இந்தியா ஆடின முதல் டி20 இன்டர்நேஷனல் இருக்கே, சவுத் ஆப்பிரிக்காகூட, அதுல மேன் ஆஃப் தி மேட்ச் இதே தினேஷ் கார்த்திக் தான், 31 நாட் அவுட். அப்ப இருந்து உள்ள வெளியன்னு எத்தனை தடவை. அப்படிப்பட்ட மனுஷன் வந்து நின்ன முதல் பால் சிக்ஸ், ரூபல் ஹுசைன். அடுத்து ஃபோர், அடுத்து சிக்ஸ். அப்புறம் ஒரு டாட், ரெண்டு ரன், கடைசி பால் ஃபோர். ஒரே ஓவர்ல 22.

இங்க இந்தக் கடையோட இன்னொரு பழக்கத்தைச் சொல்லணும். கடைசி மூணு ஓவர் வந்துட்டா கொத்து ஆர்டர் எடுக்க மாட்டாங்க. மாஸ்டர் கல்லுல தட்டுற சத்தத்துல கமெண்டரி கேக்காதுன்னு ரெண்டு தகட்டையும் துடைச்சு ஓரமா வெச்சிட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அவரும் வந்து நின்னுடுவார். அதோட டிவிக்குக் கீழ ஒரு சிலேட் இருக்கு, பள்ளிக்கூடப் பசங்க சிலேட்டு தான், அதுல ஒவ்வொரு பாலுக்கும் எத்தனை பால்ல எத்தனை ரன்னுன்னு சாக்பீஸ்ல எழுதி அழிச்சு எழுதுவார். டிவிலயே வருதே அண்ணே, எதுக்குன்னு கேட்டேன். நம்ம கையால எழுதினா தான் அது எவ்வளவு பெரிய கணக்குன்னு தெரியும்னார்.

கடைசி ஓவர் 12 வேணும், சௌம்யா சர்க்கார் பந்து. வைடு, டாட், சிங்கிள், சிங்கிள், அப்புறம் ஃபோர். இந்த ஃபோரை அடிச்சது விஜய் ஷங்கர்ங்க, அதையும் யாரும் சொல்றதில்ல. அடுத்த பால் அவர் தூக்கி அடிச்சு அவுட், ஆனா பந்து மேல இருக்கும்போதே ரெண்டு பேரும் கிராஸ் பண்ணிட்டாங்க, அதனால தான் கடைசி பாலுக்கு கார்த்திக் ஸ்ட்ரைக்ல. சிலேட்டுல "1 பால், 5". எல்லாருக்கும் ரிசல்ட் தெரியும், ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு, இருந்தாலும் யாரும் மென்னுக்கிட்டிருந்ததை முழுங்கல. எக்ஸ்ட்ரா கவர் மேல ஃப்ளாட்டா போச்சு பாருங்க, உயரமே இல்ல, கயித்தைத் தாண்டுமா தாண்டாதான்னு ஒரு நொடி. தாண்டிடுச்சு. 8 பால்ல 29. கொழும்பு கூட்டம் முழுக்க இந்தியாவுக்குக் கத்துது, ரெண்டு நாள் முன்னாடி அவங்க டீமை பங்களாதேஷ் தோக்கடிச்சிருந்துச்சு. நம்ம கடையிலயும் விசில், மாஸ்டர் அந்தக் காலேஜ் தம்பிக்கு ஒரு பரோட்டா ஃப்ரீயா வெச்சார்.

முதல் இடத்துக்கு வருவோம், இதுல தான் கடையில தினமும் சண்டை. கோலி, ஆனா எந்த கோலி? 2016 மொஹாலியா, 2022 மெல்போர்னா? ரெண்டுலயும் 82 நாட் அவுட், அங்க 51 பால், இங்க 53. மொஹாலி கட்சிக்காரங்க சொல்றது, ஆஸ்திரேலியாவை அன்னைக்கு அவர் ஓடியே ஜெயிச்சார்னு. உண்மை தான், யுவராஜ் கணுக்கால் பிசகி நொண்டிக்கிட்டு இருந்தவரைக்கும் ரெண்டாவது ரன் கிடைக்கல, தோனி வந்ததும் ரெண்டு பேரும் ஓடினாங்க பாருங்க, நேரா ஃபீல்டர்கிட்ட தட்டிட்டு ரெண்டு எடுக்குறாங்க. 18 பால்ல 39 வேணும்ங்கிற இடத்துல இருந்து ஃபாக்னர் ஓவர்ல 19, கூல்டர் நைல் ஓவர்ல நாலு ஃபோர். ஒரு ஷாட் கூட கண்ணை மூடிக்கிட்டு அடிச்சது இல்ல, எல்லாம் கேப்புல போகுது. அழகுன்னு பார்த்தா மொஹாலி தான், ஒத்துக்குறேன்.

ஆனா நான் மெல்போர்ன் கட்சி, பாகிஸ்தான் மேட்ச். அந்த இன்னிங்ஸை முழுசா பார்க்கணும்ங்க, அது ரொம்ப முக்கியம். 160 டார்கெட், 31-க்கு 4 விக்கெட், பத்து ஓவர் முடிவுல வெறும் 45. 90,000 பேருக்கு மேல உக்காந்திருக்காங்க. போன்ல நாம பார்க்குறது ஹாரிஸ் ராஃபை அடிச்ச அந்த ரெண்டு சிக்ஸ். கடையில உக்காந்து பார்க்கும்போது முதல் பத்து ஓவர் எவ்வளவு நீளம்னு உடம்புல தெரியுது. கோலி தட்டுறாரு, தடுக்குறாரு, விடுறாரு, ஹர்திக்கிட்ட நடந்து வந்து பேசுறாரு, திரும்பத் தட்டுறாரு. ரெண்டு பரோட்டா சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வந்தா ஸ்கோர் அங்கயே தான் நிக்குது. எனக்கே எரிச்சலா இருந்துச்சு. அதுக்கப்புறம் நவாஸ் ஓவர்ல மூணு சிக்ஸ் போனப்ப தான் மூச்சு விட்டோம். ஹர்திக் 40 எடுத்தாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல 113.

சிலேட்டுல "18 பால், 48". ஷாஹீன் ஓவர்ல 17 வந்துச்சு. "12 பால், 31". ராஃப் வந்து நாலு பால்ல மூணு ரன் தான் குடுத்தாரு. அண்ணன் "8 பால், 28"னு எழுதிட்டு சாக்பீஸைக் கீழ வெச்சார். அஞ்சாவது பால் இடுப்பு உயரத்துக்கு எழும்புற பந்து, பின்னங்கால்ல நின்னுக்கிட்டு பவுலர் தலைக்கு மேல நேரா. இந்த ஷாட்டை எத்தனை தடவை பார்த்திருப்போம்! ஆனா அதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம் அவர் கூடவே உக்காந்து தவிச்சிட்டு அந்த பாலைப் பார்க்கும்போது எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நிஜமா சொல்றேன். அடுத்தது ஃபைன் லெக் மேல. கடைசி ஓவர் கூத்து எல்லாருக்கும் தெரியும், நோ பால், ஃப்ரீ ஹிட்ல ஸ்டம்ப்புல பட்டு மூணு பைஸ், கார்த்திக் ஸ்டம்பிங். அப்புறம் நம்ம அஸ்வின் வந்து, ஒரு பால்ல ரெண்டு வேணும்ங்கிறப்ப லெக் சைடு போற பந்தை ஆடாம அப்படியே ஒதுங்கி விட்டு வைடு வாங்கினார். அதுக்கு மாஸ்டர் கை தட்டினார் பாருங்க, சிக்ஸருக்குக் கூட அப்படித் தட்டல.

கடையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்னொண்ணு, தோத்த மேட்ச்சையும் போடுவாங்க. 2016 ஃப்ளோரிடா, வெஸ்ட் இண்டீஸ் 245, கே.எல்.ராகுல் 51 பால்ல 110 நாட் அவுட், கடைசி பால்ல தோனி கேட்ச் குடுத்து ஒரே ரன்ல போச்சு. 2022 டிரென்ட் பிரிட்ஜ், 216 டார்கெட், 31-க்கு 3, சூர்யகுமார் 55 பால்ல 117, அதுவும் 17 ரன்ல தோல்வி. சூர்யா அதுக்கப்புறம் மவுண்ட் மாங்கனூயில 111, ராஜ்கோட்ல 112 எல்லாம் அடிச்சு டீமும் ஜெயிச்சுது, ஆனா லிஸ்ட்ல ஏறினது டிரென்ட் பிரிட்ஜ் தான். அதுல ஷ்ரேயஸ் ஐயரைத் தவிர அவருக்குக் கூட நிக்க ஆளில்ல.

ரோஹித் விஷயத்துல எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போகல. அவர் இந்தூர்ல 35 பால்ல செஞ்சுரி அடிச்ச அந்த 118-ஐ மேல வெச்சிருக்கார். நான் 2024 செயின்ட் லூசியா, ஆஸ்திரேலியாவை 41 பால்ல அடிச்ச 92 தான் மேலன்னு சொல்றேன், ஸ்டார்க் ஓவர்ல 29 ரன், உலகக் கோப்பை மேட்ச், எதிர்ல யார் பந்து போடுறாங்கன்னு பார்க்க வேண்டாமா? வான்கடேல அபிஷேக் ஷர்மா அடிச்ச 135, 13 சிக்ஸ், அதுவும் இருக்கு, பார்க்க ஜாலியா இருந்துச்சு, ஆனா இங்கிலாந்து 97-க்கு ஆல் அவுட் ஆன மேட்ச்ல டென்ஷன் எங்க இருக்கு, அன்னைக்கு கொத்து ஆர்டர் நிக்காம ஓடுச்சு.

நான் சொல்லி ஏறினது ஒண்ணு இருக்கு. ஹர்மன்ப்ரீத் கவுர், 2018 நவம்பர் 9, கயானா, நியூசிலாந்து, 51 பால்ல 103. இந்தியப் பொண்ணுங்கள்ல டி20 இன்டர்நேஷனல்ல முதல் செஞ்சுரி. லிஸ்ட்ல ஆம்பளைங்க பேர் மட்டுமே இருந்துச்சு, கேட்டதும் அண்ணன் மறு பேச்சு பேசாம அடுத்த சனிக்கிழமையே போட்டார். 40-க்கு 3 விக்கெட், ஜெமிமா ஒரு பக்கம் நின்னு ஆடுறாங்க, இவங்க ஆரம்பத்துல மெதுவா தான் போறாங்க. வயித்துப் பிடிப்பு, ஓடினா வலி, அதனால ஓடாம அடிக்க ஆரம்பிச்சேன்னு பின்னாடி அவங்களே சொன்னாங்க. எட்டு சிக்ஸ். அன்னைக்கு ஃபேமிலியா வந்திருந்த ஒரு சின்னப் பொண்ணு, எட்டு வயசு இருக்கும், அண்ணன்கிட்ட சிலேட்டை வாங்கி அதே ஸ்கோரை எழுதினா. அது தான் இப்ப சார்ட்ல அஞ்சாவது.

குறைன்னு பார்த்தா, ஃபேன் ரெண்டு தான், கல்லுக்குப் பக்கத்து டேபிள்ல உக்காந்தா வேர்த்து ஊத்தும். டிவி 43 இன்ச், கடைசி ரெண்டு டேபிள்ல இருந்து பந்து தெரியாது. நெட் சில நாள் சுத்திக்கிட்டே நிக்கும், முக்கியமான இடத்துல நின்னா உயிர் போகுது. பாத்ரூம் கிடையாது. லேடீஸ் வந்தா உள்பக்க டேபிள் ஒண்ணு எப்பவும் ஒதுக்கி வெப்பாங்க, அது நல்ல விஷயம், ஆனா அந்த டேபிள்ல இருந்தும் டிவி பாதி தான் தெரியுது, அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், ஸ்டாண்டைத் திருப்புறேன்னு சொல்லியிருக்கார்.

ரெண்டு எண்ணெய் பரோட்டா, ஒரு கலக்கி, ஒரு டீ, எனக்கு நூறு ரூபாய்க்குள்ள தான் ஆகுது. மேட்ச்சுக்குன்னு தனியா எதுவும் வாங்குறதில்ல, சாப்பிட்டு முடிச்சாலும் எழுந்திரின்னு யாரும் சொல்றதில்ல. எட்டேகாலுக்குள்ள போய் சுக்காவைச் சொல்லிட்டு ரெண்டாவது டேபிளைப் பிடிங்க, அங்க இருந்து டிவியும் சிலேட்டும் ரெண்டும் தெரியும். யார் ஜெயிச்சாங்கன்னு கடைக்குள்ள முன்கூட்டி சொல்லாதீங்க, தெரியாதவங்க யாராவது ஒருத்தர் ரெண்டு பேர் எப்பவும் இருப்பாங்க.

வர்ற சனிக்கிழமை திலக் வர்மா, 2025 ஜனவரி 25, இங்கிலாந்து, 166 டார்கெட், 72 நாட் அவுட், ஆர்ச்சர் நாலு ஓவர்ல 60 குடுத்த மேட்ச், கடைசியில பிஷ்னோய் கூட நின்னு ரெண்டு விக்கெட் மிச்சத்துல முடிச்சாரே, அது. நடந்தது இங்க பக்கத்துல, சேப்பாக்கத்துல தான். அன்னைக்கு வின்னிங் ஷாட் டிவில வர்றதுக்கு முன்னாடியே ஸ்டேடியம் சத்தம் கடைக்குள்ள வந்துடுச்சாம், மாஸ்டர் சொல்லிச் சொல்லி மாயுறார். நான் ஆறரை ரயில்ல வர்றேன்.